வரவேற்பு ஒத்திகை

சபை என்று ஒன்று இருந்தால் அதற்குச் சட்டதிட்டம் இருக்கும். மணியை யார் அடிப்பது, காணிக்கைப் பையை எந்த வரிசையிலிருந்து நீட்டுவது, பியூஸ் போன பல்பை மாற்ற யாரிடம் கேட்பது, எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பார்கள். போதகர் இறந்துபோனால் அடுத்த போதகர் எப்படி வருவார் என்பதற்கும் வழி உண்டு. இறந்துபோன போதகரின் மனைவி அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் உட்கார வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. யாருக்கும் அது தோன்றியதே இல்லை. தோன்றுவதற்கு அவர்கள் என்ன போதகர் பெண்டாட்டிகளா?

நம் போதகரம்மாவுக்குக்கூட அது தோன்றியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு இடம் வாசல்தான். ஞாயிறு காலையில் சபை வாசலில் நிற்பாள். வருகிறவர்களில் யாருக்கு முழங்கால் வலி, யார் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது, எந்தப் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டிருக்கிறது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. புது முகம் ஒன்று படியேறினால் போதும், கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். பிரசங்கத்துக்கு முன்னால் மைக்கை வாங்கி ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள்: "நம்ம சபைக்கு இன்னைக்குப் புதுசா வந்திருக்கிற எல்லாரையும் ஆண்டவருடைய நாமத்தினால அன்போட வரவேற்கிறோம்." வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி அது தூக்கத்தில்கூட வரும். "நடுராத்திரில யாரடி வரவேற்கிற, திருடனையா?" என்று போதகர் கிண்டல் செய்வார்.

அந்த மனிதர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

புதுப் போதகர் குடும்பத்தோடு வந்தார். போதகர் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும், அது நியாயம்தானே. போதகரம்மா ஒரு சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை பிடித்தாள். எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை படிக்கட்டு வளைவில் திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைத் தூக்கி வந்தவர்களுக்கே கொடுத்துவிட்டாள். வெளியாள் ஒருவராவது இல்லாமல் அந்த மேசையில் ஒரு வேளைச் சாப்பாடு நடந்ததில்லை. இப்போது ஜன்னல் கட்டையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஏறிவந்து ஜன்னல் கண்ணாடி எந்நேரமும் மங்கிக் கிடக்கும். துடைத்துப் பார்த்தாலும் எதிரில் இருப்பது இன்னொரு கட்டடத்தின் முதுகு.

அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு வந்தால் வாசல் இருக்கிறதே என்று இருந்தாள். ஆனால் இப்போது வாசலில் புதுப் போதகரம்மாவும் நின்றாள். சின்னப் பெண், நல்ல பெண், தங்கமான குணம். படியேறி வருகிறவர்கள் அத்தனை பேரும் அந்தப் பெண்ணைத் தாண்டி நேராகப் பழைய அம்மாவிடம் போனார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு மட்டும் ஆறிப்போன காப்பி மாதிரி நின்றது. ஒருநாள் பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்து, கண்ணில் தண்ணீரோடு சொன்னாள்.

"அம்மா, நான் தப்பா சொல்லலை. நீங்க வாசல்ல நிக்கிற வரைக்கும் நான் இந்தச் சபைக்கு விருந்தாளியாவே இருக்கேன்."

"நீ சொல்றது சரிதான்மா" என்றாள் போதகரம்மா. உண்மையிலேயே சரியென்றுதான் பட்டது. சரியாக இருப்பது வலிக்காது என்று யார் சொன்னது?

அடுத்த வாரம் அவள் போகவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று சபையில் நினைத்துக்கொண்டார்கள். மகளோ தூரத்து நகரத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் போன் செய்வாள்.

"அம்மா, சர்ச்சுக்குப் போனியா?"

"போனேன்டி."

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

அவ்வளவுதான். ஊரெல்லாம் உறவு, ஒரு வாய் சோறில்லை என்பார்கள். அத்தனை வருஷம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன கூட்டத்திலிருந்து ஒரு ஆள் அந்த மாடிப்படி ஏறி வரவில்லை. வார நாளில் அவள் வாய் திறப்பது சலவைக்கடைக்காரரிடம் "தண்ணி வருதா?" என்று கேட்பதற்குத்தான். அவரும் "வரும் வரும்" என்பார். ஒருநாள் சாயங்காலம் தொண்டையைச் செருமிப் பார்த்தபோது, காலையிலிருந்து தன் குரலைத் தானே கேட்கவில்லை என்பது தெரிந்து அவளுக்குப் பயமாகிவிட்டது. எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம் ஆண்டவரே, நான் ஒரு வாரம் போகலைன்னா, என்னைக் காணோமேன்னு நினைக்க ஒரே ஒரு ஆளு எங்கேயாவது இருந்தா போதும் என்று ஜெபித்தாள். அது கிடைக்கவில்லையென்றால் மகளின் சின்ன வீட்டில் போய்க் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு பெட்டி மாதிரி இருந்துவிட வேண்டியதுதான். மகள் வேண்டாமென்று சொல்ல மாட்டாள். மருமகனும் சொல்ல மாட்டார். சொல்லாமலேதான் தெரிந்துவிடுமே.

ஆகவே, வேறு சபை தேடிக் கிளம்பினாள். ஒரே ஒரு வைராக்கியம்: தான் போதகரம்மா என்று எவரிடமும் மூச்சு விடக்கூடாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். போதகர் தன் பிரசங்கத்துக்கு மார்க் போட வந்திருக்கிறாளோ என்று நெளிவார். சபையார் பழைய சபையில் என்ன சண்டையோ என்று காதைக் கடிப்பார்கள். சாதாரண ஆளாகப் போய்ச் சாதாரண வரிசையில் உட்கார வேண்டும், அவ்வளவே.

முதலில் போனது பெரிய சபை. கலர் கலராக விளக்கு, ஒரே மாதிரி பனியன் போட்ட வாலிபர்கள். புதிதாக வந்தவர்களை எழுப்பி நிறுத்திக் கைதட்டி, ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள். போதகரம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மறுவாரம் அதே பையன் அதே பல்வரிசையோடு வந்து, "முதல் தடவையா வர்றீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டு இன்னொரு பேனா கொடுத்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றால் இங்கே ஒரு நாள்கூட நிற்கவில்லை. தொடர்ந்து போயிருந்தால் பேனாக்கடை வைத்திருக்கலாம்.

இரண்டாவது, பழைய கல் கட்டடம். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. நிம்மதியாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு பெண் வந்து தோளைத் தட்டினாள்.

"அக்கா, இது எங்க மாமியார் இடம்."

"ஐயோ, தெரியாதும்மா. இப்ப வந்துருவாங்களா?"

"அவங்க போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. ஆனாலும் அதுல நாங்க யாரையும் உட்கார விடறதில்லை."

போதகரம்மா எழுந்து பின்னால் போய் நின்றாள். ஆராதனை முழுக்க அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன மாமியாருக்கு இருக்கிற இடம், உயிரோடு நிற்கிற எனக்கு இல்லையே என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது. செத்தவள் மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று அழுகையும் வந்தது.

மூன்றாவதுதான் டயர்க்கடை மாடியில் இருந்த சபை. இரும்புப் படிக்கட்டில் ஏறிப் போக வேண்டும். மேல்படியில் கையைக் கட்டிக்கொண்டு, சபைப் பொறுப்பில் இருக்கும் ஒரு மூப்பர் நின்றார். வழுக்கைத் தலை, விறைப்பான முதுகு. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் எல்லாருக்கும் அவர் டிக்கெட் மூப்பர்தான், கூப்பிட்டால் அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

"எந்தச் சபை?" என்றார், வந்தவளை மேலும் கீழும் பார்த்து.

"இல்லைங்க, சும்மா வந்தேன்."

"சும்மா எப்படிம்மா வருவாங்க? எங்கேயிருந்தாவதுதானே வரணும்? எந்தச் சபை?"

இந்தக் கேள்விக்குப் போதகரம்மாவிடம் பதில் இருந்த காலம் போய்விட்டது. அவர் பெருமூச்சு விட்டு, "சரி, ஃபேனுக்குக் கீழ உட்காருங்க. அந்தப் பக்கம் போனா டயர் நாத்தம் அடிக்கும்" என்று வழிவிட்டார். டிக்கெட் இல்லாத ஆளை இன்று மட்டும் மன்னித்து விடுகிற தோரணை.

உள்ளே நல்ல கூட்டம். பாட்டு முடிந்ததும் போதகர் முன்னால் வந்தார். இளவயது, இன்னும் கல்யாணமாகாதவர். "இன்னைக்கு எங்க சபைக்குப் புதுசா வந்திருக்கிறவங்க எழுந்து நின்னு, பேரும், எந்தச் சபைங்கிறதும் சொல்லுங்க" என்றார். எழுந்தது போதகரம்மா ஒருத்திதான். பாவாடை கட்டிய ஒரு சிறுமி மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்று தெரியாமலா சொல்லி வைத்தார்கள்? மைக் கையில் ஏறியதுதான் தாமதம், எதிரே தெரிந்த முகங்களைப் பார்த்து வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"நம்ம சபைக்கு இன்னைக்குப் புதுசா வந்திருக்கிற எல்லாரையும் ஆண்டவருடைய நாமத்தினால அன்போட வரவேற்கிறோம்!"

மைக் கொடுத்த சிறுமி களுக்கென்று சிரித்தாள். சபையே சிரித்தது. போதகரம்மா முகத்தில் ஈயாடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வந்தவள் வீட்டுக்காரர்களையே வாங்க வாங்க என்று கூப்பிட்டிருக்கிறாள்! போதகரும் சிரித்தவர், சட்டென்று நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தார்.

"அம்மா, நீங்க போதகரம்மாவா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கு வராத பொய்யை எங்கே போய்த் தேடுவது? தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான், காரியம் கெட்டது. நான்கு பேர் ஓடிவந்தார்கள். "நீங்க போய் இங்கயா உட்காருறது?" என்று முன்வரிசைக்கு நடத்திப் போனார்கள். முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று போட்டு, அதில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் யாரும் கிடையாது. பின்னால் குழந்தைகள் சிணுங்கின, பெண்கள் ஏதோ கிசுகிசுத்து அடக்கமாகச் சிரித்தார்கள், யாரோ தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றினார்கள். சபை முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவளுக்கு முன்னால் சுவர் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வந்து, "ஸ்தோத்திரம்மா" என்று கைகூப்பி, இரண்டடி பின்னால் போய், அப்படியே போய்விட்டார்கள். படிக்கட்டுப் பக்கம் காகித டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். அங்கே நின்று குடிப்பவர்களின் பேச்சும் சிரிப்பும் ரகளையாக இருந்தது. அவளுக்கு மட்டும் பூப்போட்ட பீங்கான் கோப்பையில், தட்டோடு, நாற்காலிக்கே டீ வந்தது. அந்தக் காகித டம்ளருக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்பது கோப்பை கொண்டுவந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? மரியாதை கொடுத்தே ஒரு ஆளை ஒதுக்கிவிடலாம் என்பதை அன்றைக்குத்தான் அவள் கற்றுக்கொண்டாள்.

இருந்தாலும் அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். வேறு எங்கே போவது? ஒவ்வொரு வாரமும் அதே நாற்காலி, அதே பூப்போட்ட கோப்பை. வீடு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. போதகரம்மாவுக்கு என்ன குறை, பெரிய குடும்பமாக இருக்கும், வீடு நிறைய ஆள் இருக்கும், நாம் போய் என்ன கேட்பது என்று அவர்களாகவே தீர்மானித்துக்கொண்டார்கள். டிக்கெட் மூப்பர் மட்டும் மேல்படியில், "முன்னாடி ஃபேன் காத்து வருதா?" என்று ஒரு கேள்வி கேட்பார். "வருது" என்பாள். அதோடு சரி.

ஒருநாள் போதகர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார்.

"அம்மா, ஒரு உதவி செய்யணும். எங்க சபைக்கு வேற சபையிலேருந்து நிறைய பேர் வர்றாங்க. ஒரு தடவை வர்றாங்க, ரெண்டாந்தடவை ஆளைக் காணோம். எங்க மூப்பர்களுக்கு வரவேற்கத் தெரியலையோ என்னவோ. வர்றவங்களை எப்படிப் பார்த்துக்கணும்னு நீங்க ஒரு வகுப்பு எடுத்தா நல்லா இருக்கும்."

பட்டினி கிடப்பவளிடம் வந்து பந்தி பரிமாறச் சொல்லிக்கொடு என்று கேட்டால் எப்படி இருக்கும்? போதகரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யாரோ தன்னிடம் ஏதோ கேட்கிறார்களே என்பதில் சந்தோஷமும் வந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

"எடுக்கிறேன் தம்பி" என்றாள்.

சனிக்கிழமை காலையில் வகுப்பு. போதகரைத் தவிர நான்கு மூப்பர்கள்: மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஒரு நர்ஸம்மா, மின்சார லைன்மேன், அப்புறம் டிக்கெட் மூப்பர். வட்டமாக உட்கார்ந்தார்கள். வட்டத்தில் ஒரு நாற்காலி அவளுக்கும் கிடைத்ததில் பாதி உயிர் வந்தது.

"முதல்ல, வாசல்ல நின்னுட்டு எந்தச் சபைன்னு கேட்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள். "அது டிக்கெட் கேட்கற மாதிரி இருக்கும்."

எல்லாரும் டிக்கெட் மூப்பரைப் பார்த்துக் கொல்லென்று சிரித்தார்கள். அவர் வழுக்கை வரைக்கும் சிவந்துபோய், "பழக்கம்" என்றார்.

"ரெண்டாவது, 'எங்க சபை'ன்னு சொல்லாதீங்க. எங்கன்னா, வந்தவங்க வெளிய நிக்கறாங்க. நம்மன்னா, அந்த ஒரு வார்த்தையிலயே உள்ள வந்துடறாங்க. போதகரே எங்க எங்கன்னுதான் சொல்றார்."

போதகர் காதைப் பிடித்துக்கொண்டார். "இனிமே எல்லாம் நம்மதான். நம்ம சபை, நம்ம மாடி, நம்ம டீ."

"நம்ம வீடு, நம்ம மனைவி" என்று உற்சாகமாகச் சேர்த்தார் லைன்மேன்.

"அண்ணே, மனைவியை மட்டும் 'என்'னே சொல்லுங்க" என்றாள் நர்ஸம்மா. மறுபடியும் ஒரே சிரிப்பு. போதகரம்மாவும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

இன்னும் பலவற்றைச் சொன்னாள். எழுப்பி நிறுத்தாதீங்க, கூச்சப்படுவாங்க. முதல் வாரம் யார் வேணும்னாலும் சிரிப்பாங்க, ரெண்டாவது வாரம் ஞாபகம் வச்சிருக்கணும். வீடு எங்க, கூட யார் இருக்காங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு சும்மா இருக்காதீங்க, போய்ப் பாருங்க. அவர்கள் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினார்கள்.

"கேட்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆள் எதிர்ல வந்து நின்னா வார்த்தை வராதே. ஒரு ஒத்திகை பார்த்துருவோமா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. புதிதாக வருகிற ஆளாக நடிப்பது யார் என்ற கேள்வி வந்தது.

"நான் வர்றேன்" என்றாள் போதகரம்மா.

படிக்கட்டு வரை போய்த் திரும்பி உள்ளே வந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் கழுத்துப் பட்டனைச் சரிசெய்துகொண்டு எதிரே வந்தார்.

"ஸ்தோத்திரம்! வாங்க வாங்க. நம்ம சபைக்கு வந்தது ரொம்ப சந்தோஷம். வீடு எங்கம்மா?"

"சலவைக்கடை மாடில ஒரு ரூம்."

"கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்லை."

"ஐயையோ!" என்று நெஞ்சில் கைவைத்தார் அவர்.

"அண்ணே, ஐயையோன்னு சொன்னா வந்தவங்க பயந்துருவாங்க" என்று போதகர் திருத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்தது நர்ஸம்மா. போதகரம்மா மறுபடி வெளியே போய் உள்ளே வந்தாள்.

"வாங்கம்மா. உடம்பெல்லாம் நல்லா இருக்கா? ராத்திரி தூக்கம் வருதா?"

"கீழ மிஷின் ஓடுது, அதனால வரலைன்னு நினைச்சுக்குவேன். மிஷினை நிறுத்தினாலும் வரலை. அவர் குறட்டை விடுவார். அது இல்லாம தூங்கத் தெரியலை எனக்கு."

"அம்மா, எவ்வளவு இயல்பா பண்றீங்க!" என்றாள் நர்ஸம்மா, அவள் கையைப் பிடித்துக் குலுக்கி.

மூன்றாவதாக லைன்மேன் வந்தார். அவருக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது.

"இதுக்கு முன்னாடி போயிட்டிருந்த சபையை ஏம்மா விட்டுட்டீங்க?"

அப்படிக் கேட்கக் கூடாது என்று போதகர் தடுப்பதற்குள் போதகரம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"அங்க நான் வாசல்ல நின்னேன். வந்தவங்க எல்லாரையும் பேர் பேரா ஞாபகம் வச்சிருந்தேன். நான் போகாம நின்னப்போ யாருமே என்னைத் தேடலை. செத்தவங்க வீட்டுக்குக்கூட நாலு பேர் வருவாங்க. நான் உயிரோட இருக்கறதனாலயோ என்னவோ, யாரும் வரலை." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அடேயப்பா!" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

லைன்மேன் தடுமாறி, பிறகு சமாளித்துக்கொண்டார். "அழாதீங்கம்மா. இன்னைக்கு மதியம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு. கட்டாயம் வரணும்."

"சரி, வர்றேன்."

சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் கிடந்த தன் பையை எடுக்கக் கையை நீட்டிவிட்டாள். பலத்த கைதட்டல் எழுந்தது. "சரி, அடுத்து யாரு?" என்று லைன்மேன் போய் உட்கார்ந்துகொண்டார். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு, தலைமுடியை ஒதுக்குவது போல ஒதுக்கினாள் போதகரம்மா.

"அம்மா, நாடகத்துல நடிச்சிருக்கீங்களா? கண்ணீரே வந்துருச்சே!" என்று கேட்டார் போதகர்.

"சின்ன வயசுல, ஞாயிறு பள்ளி நாடகத்துல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பாவம், நல்ல பிள்ளைகள், அவர்களை ஏன் சங்கடப்படுத்த வேண்டும்?

"கடைசியா டிக்கெட் மூப்பர். வாங்கண்ணே, டிக்கெட் கேட்காம பேசணும்!"

போதகரம்மா வெளியே போனாள். படிக்கட்டு முனையில் நின்றாள். கீழே டயர்க்கடைப் பையன் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து, "வரலாம்மா, ரெடி!" என்று கூப்பிட்டார்கள். கால் வரவில்லை. கூட யார் இருக்காங்க என்று இன்னொரு வாய் கேட்டு, யாரும் இல்லை என்று இன்னொரு முறை சொல்லி, அதற்கும் அவர்கள் கைதட்டினால் அவளால் தாங்க முடியாது. பை போனால் போகட்டும், இப்படியே இறங்கிப் போய்விடலாம் என்று இரண்டு படி இறங்கினாள். அதற்கு மேலும் முடியாமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேலே செருப்புச் சத்தம் கேட்டது. டிக்கெட் மூப்பர் வெளியே வந்து நின்றார். அவர் கையில் அவளுடைய பை இருந்தது.

"அம்மா" என்றார். "அந்தச் சலவைக்கடை மாடி. அது நெஜமா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "நெஜம்."

"கூட யாரும் இல்லைன்னது?"

"எல்லாமே நெஜம்தாங்க. எனக்கு நடிக்கத் தெரியாது."

உள்ளேயிருந்து போதகரின் குரல் வந்தது: "அண்ணே, முதல்ல ஸ்தோத்திரம் சொல்லணும், மறந்துடாதீங்க!"

டிக்கெட் மூப்பர் அதைக் காதில் வாங்கவில்லை. விறைப்பான முதுகை வளைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு மேல்படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"இத்தனை வாரமா ஃபேன் காத்து வருதான்னு கேட்டிருக்கேன் பாருங்க, எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றார். "எனக்குப் பேசத் தெரியாதும்மா. சர்வீஸ் பூரா ஆளை இறக்கிவிட்டே பழகிட்டேன். ஏத்திவிட்டுப் பழக்கமில்லை."

போதகரம்மா மூக்கை உறிஞ்சினாள். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணைத் தேடி, காதில் வைத்தார்.

"ஏய், நான்தான். சாப்பாட்டுக்கு இன்னொரு ஆள் கூட வருது. இப்பத்தான், வந்துட்டே இருக்கோம். விருந்தாளியா? விருந்தாளியெல்லாம் இல்லை, நீ பாட்டுக்கு எதுவும் புதுசா அடுப்புல ஏத்தாத. இருக்கிறதைப் போடு."

போனிலிருந்து அவர் மனைவியின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "சொல்லாம கொள்ளாம இப்படிக் கூட்டிட்டு வந்தா நான் என்ன பண்றது? இருக்கிறது ரெண்டு பேருக்குத்தான் இருக்கு!"

"அப்ப மூணாப் பிரி" என்றார் டிக்கெட் மூப்பர்.

போதகரம்மா படியிலிருந்து எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.